கிலோமீட்டரைப் பார்த்து வழி எடுக்காதீர்கள்

தென்காசியிலிருந்து திருச்செந்தூருக்கு நடக்க மாலை போட்டிருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆலங்குளம் வழியாகப் போகாதீர்கள். கடையம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகப் போங்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கூடத்தான் செய்யும். கூடட்டும்.

போன தடவை நாங்கள் கிளம்பும் முன்பே இதைச் சொன்னேன். "எக்கா, நாலு வழிச் சாலை கண்ணாடி கணக்கா கெடக்கு. எதுக்குச் சுத்திப் போகணும்?" என்றார் குழுவை நடத்திய தம்பி. கூட இருந்தவர்களும் அவர் பக்கமே பேசினார்கள். மொத்தம் 110 கிலோமீட்டர் நடக்கப்போகிறவர்களுக்கு, அதில் பத்து கிலோமீட்டரை மிச்சம் பிடிப்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

சாலை நன்றாகத்தான் இருந்தது, வண்டிக்கு. அகலப்படுத்தும்போது இருபக்கமும் நின்ற பழைய மரங்களை வெட்டிவிட்டார்கள். தை மாதப் பனியில் விடிகாலை சுகமாக நடந்தோம். ஆலங்குளம் தாண்டி வெயில் ஏறியதும் தார் கொதிக்க ஆரம்பித்தது. ஓரத்தில் இறங்கினால் ஜல்லி குத்துகிறது. எல்லோரும் வெறுங்கால். கடைசியில் எங்கள் கூட்டம் முழுக்க, சாலையோரம் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டின் மேல் ஒருவர் பின் ஒருவராக நடந்தது. வெள்ளை பெயிண்டில் சூடு கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான் காரணம். முதுகுக்குப் பின்னால் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. சீதபற்பநல்லூர் வரும்போது எங்களுடன் வந்த ஒரு அக்காவுக்கு உள்ளங்கால் தோல் அப்படியே உரிந்துவிட்டது. மகனுக்காக நேர்ந்துகொண்டு வந்தவர். வேனில் ஏற்றியபோது அவர் அழுத அழுகையை மறக்க முடியவில்லை. பத்து கிலோமீட்டரை மிச்சம் பிடித்து ஒருவரின் நேர்த்திக்கடனைப் பாதியில் நிறுத்தியதுதான் கண்ட பலன்.

அம்பாசமுத்திரம் சாலையில் கல்லிடைக்குறிச்சி தொடங்கிப் பத்தமடை வரை ஆறும் வாய்க்காலும் வயலுமாகக் கூடவே வரும். காலை நனைத்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர் உட்கார இடம் உண்டு. நடக்கிறவனுக்கு நிழலும் தண்ணீரும்தான் தூரம்.

நடப்பவருக்கென்று வழி குறித்து வைப்பது எப்படி என்பதற்கு வெளிநாட்டையே பார்க்கலாம். பிரான்சில் 1947 முதல் நெடுந்தூர நடைவழிகளுக்கு மரத்திலும் பாறையிலும் வெள்ளையும் சிவப்புமாக இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். தவறான பாதை என்றால் அதே இரண்டு நிறத்தில் பெருக்கல் குறி. தொண்டர்கள்தான் பெயிண்ட் டப்பாவோடு போய் அவற்றைப் புதுப்பிக்கிறார்கள். ஸ்பெயினில் சந்தியாகோ கோயிலுக்கு நடக்கும் யாத்திரைப் பாதையில், எலியாஸ் வாலின்யா என்ற பங்குத் தந்தை 1984-இல் மஞ்சள் அம்புக்குறி போடத் தொடங்கினார். இன்று அந்த அம்பைப் பிடித்தே உலகம் அங்கே நடக்கிறது. இந்தக் குறிகள் எல்லாம் நடப்பவருக்காகவே போட்டவை. நம் பக்கத்திலும் பழநிக்கு நடப்பவர்களுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் சாலையோரம் தனி நடைபாதை இருக்கிறது. தென்காசிக்காரர்கள் மட்டும் என்ன பாவம் செய்தோம்? நெடுஞ்சாலைத் துறையின் பச்சைத் தலை மைல்கல் வண்டிக்காரருக்கு வைத்தது. அடுத்த தண்ணீர்க் குழாய் எங்கே, இரவு தங்க எந்த மண்டபம் என்று அது சொல்லாது.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்ததுதான். விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி ஒன்பது, பத்துக்குள் படுத்துவிடுங்கள். சாயங்காலம் மறுபடி நடக்கலாம். எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கம் நடங்கள். போலீசார் பையில் ஒட்டும் ஒளிரும் ஸ்டிக்கரை இரவில் துண்டால் மூடாதீர்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள். விரலிடுக்கில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அன்னதானம் கொடுக்கும் இடமெல்லாம் வயிறு நிறையச் சாப்பிட்டால் நடக்க முடியாது. பாளையங்கோட்டைக்குப் பிறகு கருங்குளம், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடலாம். அங்கே வழி கேட்கவே வேண்டாம்.

"இந்த வயசில் வேனில் போனால் முருகன் வேண்டாம்னா சொல்வார்?" என்று என் நாத்தனார் கேட்டார். சொல்லமாட்டார். ஆனால் நான் நேர்ந்துகொண்டது நடக்கத்தான், நடந்தே கடலில் குளித்தேன்.

அந்தத் தம்பி வருகிற தைப்பூசத்துக்கும் நாலு வழிச் சாலைதான் என்று சொல்லிவிட்டார். நாங்கள் பெண்கள் சிலர் கடையம் வழியாகத் தனியாகக் கிளம்புகிறோம். சுண்ணாம்பும் மட்டையும் எடுத்துப் போகிறோம். தண்ணீர் கிடைக்கும் இடம், திரும்ப வேண்டிய முக்கு, படுக்கத் திண்ணை உள்ள கோயில் எல்லாவற்றுக்கும் முன்னால் மின்கம்பத்தில் ஒரு வேல் வரைவதாக உத்தேசம். பின்னால் வருகிறவர்கள் அதைப் பார்த்து நடக்கலாம். மழையில் அழிந்திருந்தால் மேலே இன்னொரு தடவை பூசிவிட்டு வாருங்கள்.