அம்பு பட்ட மான் கிடைக்கவில்லை

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் வேலை பார்க்கிறேன். என்னோடு வேலை செய்யும் நண்பர் வேட்டைக்குப் போகிறவர். அவரோடு சேர்ந்து வில் பழகி, பயிற்சி வகுப்பு முடித்து, உரிமமும் எடுத்தேன். அக்டோபர் கடைசியில் ஒரு மாலை, பரணில் உட்கார்ந்து ஒரு பெண்மான் மீது அம்பு விட்டேன். 35 கெஜம் இருக்கும். அம்பு பட்டதும் மான் முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து புதருக்குள் போய்விட்டது. அம்பு மண்ணில் குத்தி நின்றது. அதில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. பத்து நிமிடத்தில் டார்ச்சோடு தேடப் போனோம். ஓரிடத்தில் அது எழுந்து ஓடும் சத்தம் கேட்டது. அதன் பிறகு ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. நள்ளிரவு வரை தேடிவிட்டுத் திரும்பினோம். "காட்டில் எதுவும் வீணாகாது, கயோட்டிகள் தின்றுவிடும்" என்கிறார் நண்பர். இரண்டு வாரமாக எனக்குச் சரியான தூக்கமில்லை. வில்லை விட்டுவிட்டுத் துப்பாக்கிக்கு மாறினால் இப்படி நடக்காதா? – பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, நடந்தது என்ன என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அன்று அதைப் படிக்க உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நுரையீரலிலோ இதயத்திலோ அம்பு பட்ட வெண்வால் மான் பெரும்பாலும் துள்ளும், பின்கால்களை உதைக்கும், தலைதெறிக்க ஓடும். கொஞ்ச தூரத்திலேயே விழுந்தும்விடும். முதுகைக் கூனிக்கொண்டு நடந்துபோகும் மானுக்கு வயிற்றில் பட்டிருக்கிறது. அம்பில் ஒட்டியிருந்த பச்சை, அது மென்று விழுங்கிய தழை. மோந்து பார்த்திருந்தால் குடல் நாற்றம் அடித்திருக்கும். நுரையீரல் என்றால் அம்பில் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் இருக்கும், ஈரல் என்றால் கருஞ்சிவப்பு. மான் எங்கே ஓடியது என்று பார்ப்பதற்கு முன்னால் அம்பைப் பார்க்க வேண்டும்.

வயிற்றில் காயம்பட்ட மானை யாரும் விரட்டாவிட்டால் அது அதிக தூரம் போகாது. பெரும்பாலும் இருநூறு கெஜத்துக்குள் படுத்துக்கொள்ளும். அங்கேயே சாகும். ஆனால் அதற்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். நீங்கள் பத்தாவது நிமிடத்தில் போனீர்கள். எழுந்து ஓடிய சத்தம் கேட்டதே, மறுநாள் காலையில் உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய மான் அதுதான். குடல் காயத்தில் ரத்தம் வெளியே அதிகம் வராது, கொழுப்பும் இரைப்பையில் இருப்பதும் துளையை அடைத்துவிடும். அதனால்தான் தடம் அற்றுப்போனது.

ஒரு உயிர் வலியில் கிடக்கும்போது இரவெல்லாம் சும்மா இருப்பதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பதினாறு வருடத்துக்கு முன்னால் நானும் இதே தப்பைச் செய்தேன். பொறுக்க முடியாமல் இரவிலேயே போனேன், கிடைக்கவில்லை. விடிந்ததும் மறுபடி போனேன். ஓக் சருகு ஒரு மான் அளவுக்கு அமுங்கிக் கிடந்தது, நடுவில் கையகலத்துக்கு உறைந்த ரத்தம். எண்பது அடி தள்ளி இன்னொரு படுக்கை. ஓடைக்கரையில் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் என் காலடிச் சத்தம் கேட்டு அது எழுந்திருக்கிறது. மூன்றாவது படுக்கையோடு தடம் முடிந்துவிட்டது. நான் போனதால் அதன் வலி ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை.

துப்பாக்கியைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போதைய காம்பவுண்டு வில்லில் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 280 அடி போகும். 35 கெஜம் என்றால் 105 அடி, அதைக் கடக்க நொடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். நாண் அதிரும் சத்தமோ நொடிக்கு 1,100 அடி வேகத்தில் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். சத்தம் கேட்ட மான் பாய்வதற்காக முதலில் உடலைத் தாழ்த்தும். அந்தக் கண நேரத்தில் நீங்கள் குறிவைத்த இடம் அங்கே இருக்காது. ரைஃபிள் குண்டு ஒலியை முந்திப் போவதால் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் துப்பாக்கிக்காரருக்குத் தூரம் ஆசை காட்டும். இருநூறு கெஜத்தில், மூச்சு வாங்க, ஓடும் மானைச் சுட்டால் குண்டு காலிலோ தாடையிலோ படும். தாடை உடைந்த மான் பட்டினியால் சாகும். தென் கரோலினாவில் ஒரு வேட்டைக் கழகத்தில் சுடப்பட்ட 603 குண்டுகளைக் கணக்கெடுத்தார்கள், கிடைத்தது 493 மான். குறி தப்பிவிட்டது என்று சுட்டவர் நினைத்த மான்களில் சிலவற்றைப் பழக்கிய நாய்கள் தேடிப் பிடித்தன.

வில்லுக்கும் கணக்கு இருக்கிறது. மேரிலாந்தில் இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்தில், குறித்தேர்வில் தேறியவர்களை மட்டும் வேட்டைக்கு விட்டு, 1989 முதல் 2006 வரை கணக்கு வைத்தார்கள். அம்பு பட்ட மான்களில் சுமார் 18 சதவீதம் கைக்குக் கிடைக்கவில்லை. தேறியவர்களுக்கே இந்த நிலை. ஜெர்மனியில் மான் வேட்டைக்கு வில்லே கூடாது. காயம்பட்ட விலங்கை வீண் வேதனையில் விடக்கூடாது என்பதும் அங்கே வேட்டைச் சட்டத்தில் தனிப் பிரிவாகவே இருக்கிறது. நான் வில்லை வெறுப்பவன் அல்ல. ஆனால் 35 கெஜத்தில் முதல் அம்பை விட உங்களை அனுமதித்தது தப்பு. முதல் வருடம் இருபது கெஜம் போதும். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், தலையை இறக்கி நிம்மதியாக மேய வேண்டும். இல்லையென்றால் நாணை இழுக்காதீர்கள். வெறுங்கையோடு வீடு திரும்பும் மாலைகள்தான் அதிகமாக இருக்கும்.

இன்னொன்றை உங்களிடம் யாரும் சொல்லாதது எனக்கு வருத்தம். பென்சில்வேனியாவில் 2018 முதல், கயிற்றில் பிடித்த நாயை வைத்துக் காயம்பட்ட மானைத் தேடச் சட்டம் இடம் தருகிறது. ரத்தம் நின்ற பிறகும் மானின் குளம்புகளுக்கு நடுவே உள்ள சுரப்பியின் வாசனையை வைத்து நாய் போகும். அடுத்த முறை பரண் ஏறுவதற்கு முன்பே நாய் வைத்திருப்பவர் ஒருவருடைய எண் உங்கள் போனில் இருக்கட்டும். பக்கத்து நிலத்துக்காரரிடம் அனுமதியும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். தடம் தெரியாமல் போனால் மேலும் மிதித்துக் கலைக்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

உங்கள் நண்பர் சொல்வது காட்டைப் பொறுத்தவரை உண்மை. கயோட்டி தின்னும், காகம் தின்னும், மிச்சம் மண்ணுக்குப் போகும். ஆனால் நீங்கள் கேட்டது காட்டைப் பற்றி அல்லவே. அந்த மானைக் காயப்படுத்தியது உங்கள் அம்பு. நியாயமான முயற்சி எடுத்துத் தேட வேண்டும் என்கிறது சட்டம், அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். இதற்கு மேல் சட்டம் கேட்காத ஒரு வழக்கத்தை நானும் சில நண்பர்களும் வைத்திருக்கிறோம். அம்பு பட்டும் கைக்கு வராத மானை எங்கள் மான் என்றே கணக்கில் சேர்த்துவிடுவோம். அந்த மானுக்குரிய அனுமதிச் சீட்டான டேக்கோடு பிறகு பரண் ஏற மாட்டோம்.

இந்த வருடம் உங்கள் பெண்மான் டேக் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் வில்லை எடுங்கள். தரையில் நின்று விட்டுப் பழகியது போதாது. பரண் உயரத்தில் உட்கார்ந்து, குளிருக்குப் போடும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு, பத்து கெஜத்திலிருந்து தொடங்குங்கள்.