காடு தேர்ந்தெடுக்கும் கத்தி

பின்லாந்து நாட்டுக் காடுகளில் திரிபவர்கள் இடுப்பில் பூக்கோ என்னும் சிறிய கத்தியை உறையிலிட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். மலேசியக் காட்டில் நடப்பவர் கையில் பாராங் என்னும் நீண்ட வெட்டுக்கத்தி இருக்கும். இருவரும் தம் கருவிகளை மாற்றிக்கொண்டால் இருவருமே இடர்ப்படுவர். ஏன்?

வெட்டும் கருவிகள் எல்லாம் ஆப்பு என்னும் எளிய பொறியின் வகைகளே. விளிம்பின் பரப்பு மிகச் சிறியதாதலால் அங்கே அழுத்தம் பெருகுகிறது. விளிம்பின் கோணம் குறுகலாக இருந்தால் கருவி எளிதில் இறங்கும். ஆனால் கடினமான கணுவில் மோதினால் விளிம்பு மடங்கும், அல்லது சில்லு பெயரும். கோணம் அகன்றால் விளிம்பு தாங்கும். ஆனால் வெட்ட அதிக விசை வேண்டும்.

மலேசிய மழைக்காட்டில் வழியை அடைப்பவை பச்சைக் கொடிகளும் பிரம்பும் இளந்தண்டுகளும். மெதுவாக அடித்தால் கொடி வளைந்து விலகிவிடும். விலகுமுன் அறுக்க வேகம் வேண்டும். நிறையை இருமடங்காக்கினால் இயக்க ஆற்றலும் இருமடங்காகும். வேகத்தை இருமடங்காக்கினாலோ ஆற்றல் நான்கு மடங்காகும்! பாராங்கின் நீளம் அதன் முனைப்பகுதிக்கு அந்த வேகத்தைத் தருகிறது. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை அடித்தும் இதைச் செய்வதுண்டு. அந்த எஃகு அதிர்ச்சியைத் தாங்கும்.

வடக்கே நிலைமை வேறு. குளிர்காலத்தில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 30 பாகை செல்சியசுக்கும் இறங்கக்கூடும். அங்கே நெருப்புதான் உயிர். விழுந்து கிடக்கும் மரத்தின் வெளிப்புறம் பனியில் நனைந்திருக்கும். பட்டுப்போய் நிற்கும் பைன் மரத்தின் உட்புறமோ உலர்ந்திருக்கும். அதை அடைய மரத்தைப் பிளக்க வேண்டும். மரநார்கள் நீளவாக்கில் ஓடுவதால், கோடரியின் தடித்த தலை அவற்றை இருபுறமும் தள்ளிப் பிளக்கிறது. பின்னர் பூக்கோவின் வேலை: தீ மூட்ட மெல்லிய சீவல்களைச் சீவுவது. அதன் அலகில் விளிம்பையொட்டிய சரிவு அகலமானது, தட்டையானது. அது மரத்தின்மீது படிந்து நகர்வதால் சீவலின் தடிமன் கைக்கு அடங்குகிறது. கடுங்குளிரில் எஃகு நொறுங்கும் தன்மை பெறுவதால், கோடரியின் விளிம்பைச் சற்றுச் சூடேற்றிய பிறகே வேலை தொடங்குவர்.

துருப்பிடிக்காத கத்தியே மேல் என்று பலர் எண்ணுகிறார்கள். அதில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. ஈரக்காட்டுக்கும் கடற்கரைக்கும் அது நல்லதுதான். கார்பன் எஃகு துருப்பிடிக்கும். ஆயினும் எளிதில் தீட்டலாம். சிக்கிமுக்கிக் கல்லில் அடித்தால் பொறியும் பறக்கும். மடக்குக் கத்தி எந்த எஃகால் ஆனாலும், கட்டையால் அடித்து விறகு பிளக்க உதவாது. கீல் முதலில் விட்டுப்போகும்.

புதிதாகப் பழகுபவருக்குக் கோடரியைவிடச் சிறு கத்தியும் மடக்கு இரம்பமும் ஏற்றவை என்பது என் கருத்து. மரத்தைக் குறுக்கே துண்டிக்கக் கோடரி அகன்ற பள்ளம் வெட்ட வேண்டும். இரம்பம் மெல்லிய கோடு மட்டும் அறுக்கிறது. களைத்த கையில் கோடரி வழுக்கினால் முழங்காலுக்குக் கீழே பாயும், மருத்துவமனையோ வெகுதூரத்தில். மழுங்கிய விளிம்பு இன்னும் ஆபத்து; அதிக விசையோடு அழுத்தும்போதுதான் அது நழுவுகிறது. குட்டைப் பிடியுள்ள கோடரியால் பிளக்கும்போது அனுபவசாலிகள் முழங்காலிட்டு, விறகை முன்னே ஒரு கட்டைமேல் நிறுத்திக்கொள்வார்கள். குறி தவறினாலும் அலகு தரையில்தான் இறங்கும்.