திரும்புவதும் துணிவே

தேர்வுக்கு முந்திய இரவு நெடுநேரம் படித்துக் களைத்தபின், “இந்தப் பாடத்திலிருந்து வினா வராது” என்று எண்ணிப் புத்தகத்தை மூடியதுண்டா? அம்முடிவை எடுத்தது அறிவன்று, களைப்பு. சோர்ந்த மனம் இடரை எடைபோடத் தவறும். அதனினும் வலியது மற்றோர் எண்ணம்: “இவ்வளவு பாடுபட்டபின் விடுவதா?”

சுவீடன் நாட்டு மலையேறி யோரன் குரோப், 1995 அக்டோபரில் தம் நாட்டிலிருந்து மிதிவண்டியில் புறப்பட்டார். பல மாதப் பயணத்திற்குப்பின் நேபாளத்தை அடைந்தார். உயிர்வளி உருளையின்றி எவரெஸ்ட் சிகரத்தை ஏறுவதே அவர் நோக்கம்.

1996 மே மாதத் தொடக்கத்தில், தொடையளவு பனியில் கால் புதைய ஏறினார். சிகரத்திற்கு இன்னும் ஏறத்தாழ 100 மீட்டரே இருந்தது. ஆனால் பொழுது கடந்துவிட்டது. மேலே சென்றால் இருளில் இறங்க நேரிடும். அத்தனை மாத உழைப்பும் “ஏறு” என்றிருக்கும். அவரோ திரும்பினார்.

சில நாள் கழித்து, மே 10 அன்று வேறு குழுவினர் பலர், திரும்புவதற்கு ஏற்ற நேரம் கடந்த பின்னும் ஏறினர். பனிப்புயல் சூழ்ந்தது. மலையின் இரு பக்கங்களிலும் 8 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் மூவர் இந்திய–திபெத்திய எல்லைக் காவல் படையினர். அவர்கள் கோழைகளும் அல்லர், அறியாதவர்களும் அல்லர். சிகரத்தில் மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளி, கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கே. அந்நிலையில் தெளிவாக எண்ணுவது எவர்க்கும் அரிது.

ஆகவேதான் மலையேறிகள், “இத்தனை மணிக்குள் சிகரத்தை அடையாவிடில் திரும்புவோம்” என்று புறப்படுமுன்பே எல்லை வகுக்கின்றனர். களைப்பில்லாத மனம் வகுத்த எல்லை, களைத்த மனத்தைக் காக்கும். வள்ளுவரும் ‘வலியறிதல்’ என்னும் 48ஆம் அதிகாரத்தில் நம் வலிமையின் அளவை அறிந்து செயற்படச் சொல்கிறார்.

குரோப் என்னவானார்? மே 23 அன்று மீண்டும் ஏறிச் சிகரத்தை அடைந்தார். உயிரோடு திரும்பியவர்க்கே மறுமுறை உண்டு.

சொற்பொருள்
இடர் – ஆபத்து
உயிர்வளி – ஆக்சிஜன்
வலி – வலிமை
அரிது – எளிதன்று

பயிற்சி
1. குரோப் சிகரத்தின் அருகிலிருந்து திரும்பியது ஏன்?
2. எல்லையைப் புறப்படுமுன்பே வகுப்பதன் பயன் யாது?
3. பிரித்து எழுதுக: பனிப்புயல், அந்நிலை.
4. எதிர்ச்சொல் தருக: ஏறினர், துணிவு.
5. “இவ்வளவு செய்துவிட்டோமே” என்று எண்ணித் தவறான முடிவெடுத்த நிகழ்ச்சி ஒன்றை வீட்டுப் பெரியவரிடம் தமிழில் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.