வளவு யார் பேரில்?

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலோரமாக நீளும் நமது ஊர்களில், சாதாரணதரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளையை எந்தக் கழகத்தில் சேர்ப்பது என்று கேட்டு வருகிற பெற்றோரிடம், வயல் வட்டையில் பூமி உண்டா, வளவு யார் பேரில் எழுதப்படப் போகிறது என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். அதிகப்பிரசங்கித்தனம் என்று சிலர் முகம் சுளிப்பதும் உண்டு.

இளைஞர் கழகம் என்பது 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தைச் சார்ந்தது. விளையாட்டு விழா, சிரமதானம், பிரதேச சம்மேளனத் தேர்தல் ஆகியவற்றினூடே நாலுபேர் முன் எழுந்து பேசும் தைரியம் அங்கே கைகூடும். ஆனால் கிரிக்கெட் மட்டையோடு தொடங்கி அதோடேயே முடிந்துபோகும் கழகங்களும் அநேகமாதலால், சேருமுன் சென்ற வருஷத்துக் கூட்டக்குறிப்புப் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

விவசாயத் திணைக்களம் வளர்த்த இளம் விவசாயிகள் கழகமோ வேறு இனம்; செய்து பழகுவதே அதன் வழி. 1902இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் கிராமத்துப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒரு சிறு கழகம், பிற்காலத்தில் நான்கிலைச் சின்னம் தாங்கிய பேரியக்கமாகப் பரவியபோது, பிள்ளையின் கையில் ஒரு பாத்தியைக் கொடுத்துவிட்டால் தகப்பனுக்குப் பிரசங்கம் செய்யவேண்டியதில்லை என்பது பிரத்தியட்சமாயிற்று. பூமியுள்ள வீட்டுப் பையனுக்கு இளம் விவசாயிகள் கழகமே உத்தமம்; பெரும்போகத்துக்கு முன்பே சேர்ந்தால், விதைப்பு முதல் சூடடிப்பு வரை விவசாயப் போதனாசிரியரோடு நின்று பார்க்கலாம். எனினும் 1987க்குப் பின் விரிவாக்கல் சேவை மாகாண சபைக்கும் மத்திய திணைக்களத்துக்குமாகப் பிரிந்திருப்பதால், உங்கள் வட்டை எந்த அலுவலகத்துக்கு உரியது என்பதைக் கமநல சேவை நிலையத்தில் முதலில் விசாரியுங்கள். இல்லையேல் இரண்டு வாசற்படிகளும் தேயும்.

பெண்பிள்ளை விஷயத்தில் நமது கரையோரச் சம்பிரதாயம் குறுக்கிடுகிறது, குறுக்கிடுவதும் நன்மைக்கே. கலியாணமானால் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதும், வீடும் வளவும் மகள் பேரில் சீதனமாக எழுதப்படுவதும் இவ்வூர்களின் வழக்கமாகையால், வீட்டுத்தோட்டம், கூட்டெரு, காளான் வளர்ப்பு என்று விவசாய விரிவாக்கல் நிலையம் நடத்தும் வகுப்புகளுக்கு அனுப்பத்தக்கவள், மண்ணுக்கு உரியவளாகப்போகும் அவளே. ஆண்பிள்ளையோ கற்றதை மனைவியின் வளவில்தான் பிரயோகிக்க வேண்டியிருக்கும்.

சாய்ந்தமருதில் என் சாச்சியின் வளவு முழுதும் கடல்மணல். காலையில் ஊற்றிய தண்ணீர் லுஹர்த் தொழுகைக்கு முன் காணாமற் போகும். வகுப்புக்குப் போய்வந்த மகள், முழ ஆழக் குழியில் பொச்சுமட்டைகளைக் குழிவு மேல்நோக்க அடுக்கி, சாணமும் மணலும் பரப்பி, கொச்சிக்காய் நாற்று நட்டாள். சாச்சி சிரித்துக்கொண்டே சொன்னா: "பொச்சு இருந்தாத்தான், மகன், தண்ணி நிக்கும். இத மூத்தம்மா எப்பவோ சொன்னது. ஒபிசில சொன்னாத்தான் இவட காதில ஏறுது."

தையலில் நாட்டமுள்ளவளுக்கு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் பொருத்தம். மருதமுனையில் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் தறியிலும் மேலான ஆசான் வெளியில் அகப்படுவது அரிது.

எதில் சேர்ந்தாலும், கொடுக்கப்படும் விதைப் பைக்கற்றின் திகதியைப் பார்த்து வாங்குங்கள். ஒருமுறை ஓர் அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த பயற்றை விதை முளைக்கவேயில்லை. இத்தகைய சந்தேகங்களுக்கு 1920 என்ற விவசாயத் திணைக்களத் தொலைபேசி இலக்கமும் உண்டு.