பட்டறைக்கு விசைச்சம்மட்டி: வாங்குமுன் கணக்கு, வாங்கியபின் ஒழுங்கு

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்குகின்றன. தமிழில் கொல்லர் என்பவரைத் தெலுங்கில் கம்மரி என்கின்றனர். உலைக்களம் அங்கே கொலிமி ஆகிறது. பெயர் எதுவாயினும் தொழில் ஒன்றே. கரும்பு வெட்டும் கத்தி, களைக்கொத்து, மண்வெட்டி, கடப்பாரை, கருங்கல் பிளக்கும் உளி, டிராக்டர் கலப்பையின் கொழு ஆகிய அனைத்தும் ஏதேனும் ஓர் உலையில் காய்ந்து, பட்டடையின் மேல் அடிபட்டே உருப்பெறுகின்றன. 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிர்வாக எல்லை மாறியபோதும் உழவருக்கும் கல்தச்சருக்கும் கொல்லரிடம் உள்ள தேவை மாறவில்லை.

மாறியிருப்பது பட்டறையின் உள்நிலை. உலைத்தொழில் ஒருவரால் இயல்வதன்று. ஒருவர் குறட்டால் பிடித்துத் திருப்ப, மற்றொருவர் சம்மட்டி ஓங்கி அடிக்க வேண்டும். அந்த இரண்டாம் ஆள் கிடைப்பது இன்று அரிதாகிவிட்டது. அவர் வராத நாளில் உலையும் எரிவதில்லை. வயது ஏற ஏறத் தோள்பட்டையும் முதுகும் ஒத்துழைக்க மறுக்கின்றன. ஆகவே, ‘பவர் ஹாமர்’ எனப் பட்டறைகளில் வழங்கும் விசைச்சம்மட்டியை வாங்கலாமா என்ற எண்ணம் பலருக்கும் எழுகிறது. அவ்வெண்ணத்தோடு வங்கிக்கு வருமுன் அறிய வேண்டியவற்றை இப்பாடம் வரிசையாகக் கூறுகிறது.

முதலில் தேவையை அளந்தறிதல்

நீராவியால் இயங்கும் சம்மட்டியை ஜேம்ஸ் நாஸ்மித் 1839இல் வரைந்து, 1842இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பெருங்கப்பல்களுக்கான இரும்புத் தண்டுகளை அடிக்க வேண்டியிருந்த காலம் அது. இன்று சிறு பட்டறைக்கு வரும் மின்சம்மட்டி அதே கருத்தின் எளிய வடிவம். எனினும் எந்தப் பொறியும் சந்தையை உண்டாக்குவதில்லை. இருக்கும் சந்தைக்கு விரைந்து பொருள் தரவே உதவுகிறது.

எனவே மூன்று மாதங்களுக்கு ஒரு குறிப்பேடு எழுதுக. நாள்தோறும் செய்த பொருள், இரும்பின் பருமன், எத்தனை முறை காய்ச்ச நேர்ந்தது, ஆளின்மையால் திருப்பியனுப்பிய வேலை எவ்வளவு என்பவற்றைக் குறித்து வருக. கடைசிக் குறிப்பே மிக முக்கியம். திருப்பியனுப்பிய வேலை அதிகமாயின் பொறிக்கு வேலை உண்டு. அது குறைவாயின், உங்களுக்குத் தேவைப்படுவது பொறியன்று, வாடிக்கையாளர்.

சந்தையின் போக்கையும் நோக்குதல் வேண்டும். கருங்கல் குவாரிகளில் வைரக்கம்பி அறுவையும் கடினமுனைத் துளைக்கருவிகளும் பரவியபின் கையுளியின் தேவை குறைந்துள்ளது. மறுபுறம், சிற்ப வேலைக்கு இன்றும் உளி வேண்டும். திருமலை திருப்பதி தேவஸ்தானம் திருப்பதியில் மரபுச் சிற்பக்கலைக்கென ஒரு பயிற்சி நிறுவனத்தையே நடத்துகிறது. கரும்பும் மாந்தோப்பும் உள்ளவரை வெட்டுக்கருவிகளுக்கும் தேவை இருக்கும். குறையும் பொருளை நம்பியா, நிலைக்கும் பொருளை நம்பியா கடன் வாங்குகிறோம் என்பதைத் தெளிந்து கொள்க.

எந்த வகை, எந்த எடை?

சிறு பட்டறைக்கு ஏற்ற பொறிகள் இருவகை. முதலாவது, வில்பட்டைச் சம்மட்டி. மோட்டார் சுழற்றும் சக்கரம், லாரி வில்பட்டை போன்ற அடுக்கின் வழியாகச் சம்மட்டித் தலையை ஏற்றி இறக்கும். அமைப்பு எளிது, விலை குறைவு, உள்ளூர் மெக்கானிக்கே பழுது நீக்கலாம். ஆனால் மெல்லிய அடியும் வலிய அடியும் மாறிமாறித் தருவதற்குப் பழக்கம் தேவை. இரண்டாவது, காற்றழுத்தச் சம்மட்டி. தனக்கு வேண்டிய காற்றைத் தானே அழுத்திக்கொள்ளும் இப்பொறியில் அடியின் வேகத்தைக் காலாலேயே நுட்பமாக ஆளலாம். விலையும் மின்தேவையும் மிகுதி.

பொறியின் அளவு அதன் தலையின் எடையால் கூறப்படும். 25 கிலோ தலையுள்ள பொறி, ஒன்றரை அங்குலம் வரையிலான கம்பிகளை நீட்டவும் தட்டையாக்கவும் பொதுவாகப் போதும். கத்தி, களைக்கொத்து, உளி ஆகியவற்றைச் செய்யும் பட்டறைக்கு இதைவிடப் பெரிது பெரும்பாலும் வீண் சுமையே. பெரிய கடப்பாரையும் கோடரியும் மிகுதியாகச் செய்வோர் 40 முதல் 65 கிலோ வரை எண்ணலாம்.

விற்பவர் தலையின் எடையைக் கூறுவார். நீங்கள் அடிப்பட்டடையின் எடையையும் கேளுங்கள். தலையைப் போலப் பத்து முதல் பதினைந்து மடங்கேனும் பட்டடை இருத்தல் நன்று. பட்டடை இலேசானால் அடியின் ஆற்றல் இரும்பில் இறங்காமல் தரைக்குள் போய்விடும்.

பழைய பொறி வாங்குவோர் உடற்சட்டத்தில் விரிசலோ, பற்றவைத்த தழும்போ உள்ளதா எனப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தலை ஏறியிறங்கும் தடத்தில் ஆட்டம் இருத்தலாகாது. உங்கள் பட்டறையின் இரும்பையே எடுத்துச் சென்று, அங்கே காய்ச்சி, அடித்துப் பார்த்தபின் விலை பேசுங்கள். காலை எடுத்தவுடன் தலை நிற்கிறதா என்பதே முதல் தேர்வு.

விலைப்புள்ளியில் தோன்றாத செலவுகள்

பொறியின் விலை மொத்தச் செலவில் ஒரு பகுதியே. அதனைத் தாங்க, பட்டறைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் பிரிந்து நிற்கும் தனிக் கான்கிரீட் அடித்தளம் வேண்டும். கான்கிரீட்டுக்கும் பொறிக்கும் இடையே கெட்டியான மரப்பலகையோ ரப்பர் விரிப்போ இடுதல் வழக்கம். கான்கிரீட் முழு வலுப்பெற 28 நாள்கள் ஆகும். அதற்கு முன்பே ஓட்டிப் பார்க்கும் அவசரத்தால் அடித்தளம் பிளந்துவிடக்கூடும். வீட்டுச் சுவரை ஒட்டிப் பொறியை நிறுவினால் வீடு விரிசல் காணும். அயலாரோடு பகையும் வரும்.

அடுத்தது மின்சாரம். ஒரு குதிரைத்திறன் 0.746 கிலோவாட் ஆகும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 3.7 கிலோவாட் கொள்ளும். தொடங்கும் நொடியில் அதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். மும்முனை இணைப்பு, தக்க ஸ்டார்ட்டர், நிலத்தொடர்பு ஆகியவை கட்டாயம். திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரப் பிரதேசத் தெற்கு மின் பகிர்மான நிறுவனத்தின் உங்கள் பகுதி அலுவலகத்தில், பொறிக்கு முன்பணம் தருவதற்கு முன்பே, இணைப்புச் செலவையும் காலத்தையும் எழுத்தில் கேட்டறிக. பொறி வந்திறங்கி, மின்சாரம் வராமல் தார்ப்பாயின் கீழ்க் கிடக்கும் மாதங்களிலும் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும்.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழ்வரும் எண்கள் கணக்கிடும் முறையை விளக்கவே எடுத்துக்கொள்ளப்பட்டவை. உங்கள் விலைப்புள்ளியின் எண்களை இவற்றின் இடத்தில் இட்டுப் பார்க்க வேண்டும்.

பொறி வரியுடன் ரூ.2,20,000, வண்டிச் செலவு ரூ.15,000, அடித்தளம் ரூ.25,000, மின் இணைப்பும் ஸ்டார்ட்டரும் ரூ.30,000, உதிரிப் பாகங்கள் ரூ.10,000. ஆக ரூ.3,00,000. இதில் சொந்தப் பணம் ரூ.60,000, கடன் ரூ.2,40,000. ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டியில் 48 மாதத் தவணை எனில், மாதத் தவணை ஏறத்தாழ ரூ.6,200 வரும்.

இதனுடன் மின்கட்டணம் ரூ.1,600, எண்ணெயும் பெல்ட்டும் பழுதும் ரூ.1,000, தேய்மானத்திற்கென ஒதுக்கும் தொகை ரூ.1,500 ஆகியவற்றைச் சேர்த்தால் பொறியின் மாதச் சுமை ரூ.10,300. இரும்பு, கரி, கூலி எல்லாம் போக ஒரு கருவிக்கு ரூ.40 மிஞ்சுவதாகக் கொள்வோம். அப்போது மாதம் 258 கருவிகள் கூடுதலாக விற்றாக வேண்டும். 22 வேலை நாள்களுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்குப் பன்னிரண்டு.

நாள்தோறும் பன்னிரண்டு கருவிகளைக் கூடுதலாகச் செய்வது பொறிக்கு எளிது. அந்தப் பன்னிரண்டையும் வாங்குவோர் யார் என்பதே கடன் விண்ணப்பத்தின் உண்மையான வினா. விதைப்புக்கு முன்னும் கரும்பு வெட்டுக் காலத்திலும் விற்பனை உயரும். இடைப்பட்ட மாதங்களில் தாழும். தவணையோ பருவம் பார்ப்பதில்லை. ஆகவே நல்ல மாதங்களின் வரவிலிருந்து மூன்று தவணைகளுக்கான தொகையைத் தனியே சேமித்து வைப்பது அறிவுடைமை. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் கணக்கு வாராக்கடன் வகையில் சேரும். அடுத்த கடனுக்கான வாயிலும் குறுகும்.

கடன் வழிகளும் அவற்றின் வரிசையும்

2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தில் அடங்கும் 18 தொழில்களுள் கொல்லுத்தொழிலும், சுத்தியல் மற்றும் கருவிகள் செய்யும் தொழிலும் உள்ளன. அடிப்படைப் பயிற்சியும், பயிற்சி நாளுக்கு ரூ.500 உதவித்தொகையும், கருவிகளுக்கு ரூ.15,000 மதிப்புள்ள உதவியும் இதில் உண்டு. ஈடின்றி முதல் கட்டமாக ரூ.1 லட்சம் (18 மாதம்), இரண்டாம் கட்டமாக ரூ.2 லட்சம் (30 மாதம்) கடன் பெறலாம். பயனாளி செலுத்தும் வட்டி 5 விழுக்காடு. முதல் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ.5,780, இரண்டாம் கடனுக்கு ஏறத்தாழ ரூ.7,110.

இவ்விரு கட்டங்களையும் பட்டறையின் வளர்ச்சிக்கு இரு படிகளாகக் கொள்ளலாம். முதற்கடனில் மின்புளோயர், கிரைண்டர், வெல்டிங் பொறி ஆகியவற்றை வாங்குக. துருத்தி ஊதும் ஆள் மிச்சமாவார், விற்பனையும் கூடும். அக்கடனை ஒழுங்காகச் செலுத்தி, மின்னணுப் பணப்பரிமாற்றத்தையோ மேம்பட்ட பயிற்சியையோ மேற்கொண்டபின், இரண்டாம் கடனில் விசைச்சம்மட்டியை நாடுக. முதற்படியில் பெற்ற வரவே இரண்டாம் படிக்குச் சான்றாகும்.

முத்ரா திட்டத்தில் ரூ.50,000 வரை ‘சிசு’, ரூ.5 லட்சம் வரை ‘கிஷோர்’, ரூ.10 லட்சம் வரை ‘தருண்’ எனப் பிரிவுகள் உள்ளன. இங்கே வரிசை முக்கியம். கடந்த ஐந்தாண்டுகளில் இத்தகைய வேறு அரசுத் திட்டக் கடன் பெற்றவர் விஸ்வகர்மா திட்டத்தில் சேர இயலாது. முத்ரா கடனை முழுதும் அடைத்தவருக்கு விலக்கு உண்டு. எனவே சிறு முத்ரா கடனை அவசரமாக எடுத்துவிட்டு, 5 விழுக்காட்டு வாய்ப்பை இழந்துவிடலாகாது. புதிதாகப் பட்டறை தொடங்குவோர் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தின் மானியத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறியலாம். எத்திட்டமாயினும் அதன் நடப்பு விதிகளைக் கிளையில் உறுதிசெய்து கொள்க. உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. இடைத்தரகருக்குப் பணம் தரவேண்டியதும் இல்லை.

மற்றொன்று: பொறிக்கு வாங்கும் தவணைக் கடனையும் இரும்பும் கரியும் வாங்கும் நடைமுறை மூலதனத்தையும் கலக்காதீர்கள். பொறி விரைவாக இரும்பைத் தின்னும். பணம் முழுவதையும் பொறியில் முடக்கியவர், அதன் முன் வெறுங்கையோடு நிற்க நேரும்.

இயக்கும் ஒழுங்கு

காலையில் எண்ணெயிட்டு, தலையையும் அடிப்பாகத்தையும் சூடான இரும்பால் சற்று வெதுவெதுப்பாக்கிய பின்னரே வேலை தொடங்குக. குளிர்ந்த எஃகு அடியில் வெடிக்கும். இரும்பின்றி வெறும் தலைகள் மோதுமாறு ஓட்டுதல் கூடாது.

வில்பட்டை எஃகு போன்றவற்றை ஒளிர்கின்ற செம்மஞ்சள் நிறம் வரை காய்ச்சி, உள்ளும் வெளியும் ஒரே சூடாகும்வரை பொறுத்து எடுக்க வேண்டும். மேற்புறம் மட்டும் காய்ந்த இரும்பை அடித்தால் அதன் முனை மீன்வாய் போலப் பிளக்கும். முதல் அடிகள் மெல்லியனவாகவும், ஒவ்வொரு சில அடிக்கும் கால்வட்டம் திருப்பியும் அமைக. மங்கிய சிவப்பு வந்ததும் நிறுத்தி, மீண்டும் உலையில் இடுக. ‘இன்னும் இரண்டடி’ என்ற ஆசையில்தான் கண்ணுக்குத் தெரியாத விரிசல் பிறக்கிறது. அக்கத்தி உங்களிடம் உடைவதில்லை. வாங்கியவர் கையில் உடையும்.

நீட்டலும் தட்டையாக்கலும் பொறிக்கு உரியவை. இறுதி வடிவமும் தோய்ச்சலும் கைக்கு உரியவை. தோய்த்த உளியைத் துலக்கி மீண்டும் இளஞ்சூடாக்கும்போது வைக்கோல் நிறமும், பின்னர் ஊதாவும், நீலமும் தோன்றுவதைக் கண்டு பதம் அறியும் கண்ணை எந்தப் பொறியும் தருவதில்லை. வாடிக்கையாளர் உங்களைத் தேடி வருவது அக்கண்ணுக்காகவே.

உடலைக் காத்தல்

குறட்டின் கைப்பிடி ஒருபோதும் வயிற்றுக்கு நேராக இருத்தலாகாது. உடலுக்குப் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். இரும்பு நழுவினால் குறடு ஈட்டிபோல் பின்னே பாயும். பெல்ட்டுக்கும் வில்பட்டைக்கும் காப்பு மூடி இடுக. கண்ணாடியும் காதடைப்பானும் அணிக. எட்டு மணி நேர வேலைக்கு ஒலியின் எல்லை 90 டெசிபல். விசைச்சம்மட்டி அதனை எளிதில் கடக்கும். நாகம் பூசிய இரும்பை உலையில் இடாதீர்கள். அதன் புகை காய்ச்சலை உண்டாக்கும். சம்மட்டி அடித்துவந்த ஆளை நீக்குவதினும், அவரையே பொறி இயக்கப் பழக்குவது சிறந்தது. இரும்பின் போக்கு அவருக்கு முன்பே தெரியும்.

கையொப்பமிடுமுன் ஐந்து வினாக்கள்

1. கடந்த மூன்று மாதங்களில் ஆளின்மையால் நான் இழந்த வேலை எவ்வளவு?
2. அடித்தளம், மின்சாரம், வண்டிச் செலவு ஆகியவற்றைச் சேர்த்த முழுத்தொகை என்ன?
3. தவணையை அடைக்க நாளொன்றுக்கு எத்தனை கருவிகள் கூடுதலாக விற்க வேண்டும்? அவற்றை வாங்குவோரின் பெயர்களை எழுத இயலுமா?
4. விற்பனை இல்லாத மூன்று மாதங்களை எதைக் கொண்டு கடப்பேன்?
5. பழுது நேர்ந்தால் பொறியைச் சரிசெய்பவர் எவ்வளவு தொலைவில் இருக்கிறார்?

இவ்வைந்துக்கும் விடை எழுதிய தாளோடும், மூன்று மாதக் குறிப்பேட்டோடும் கிளைக்கு வருக. கடன் அலுவலர் கேட்கவிருக்கும் வினாக்களும் இவையே. ஏதேனும் ஒன்றுக்கு விடை இல்லையெனில் பொறியை ஓராண்டு தள்ளிவைப்பதில் இழுக்கில்லை. காய்ந்த பதம் பார்த்து அடிப்பவர் கொல்லர். கடனுக்கும் அத்தகைய பதம் ஒன்று உண்டு.