சென்னை–மதுரை: ஒன்றேகால் மணி நேரம் என்பது யார் கணக்கு?

சென்னையிலிருந்து மதுரைக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். வந்தே பாரத் ரயிலில் ஐந்தரை மணி நேரத்துக்குச் சற்று மேல். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விமானமே மேல் என்று முடிவுகட்டுகிறவர்கள் ஏராளம். இரண்டிலும் போய்வந்து பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், இவை ஒப்பிடக்கூடிய எண்களே அல்ல. வான்வழியில் தூரம் சுமார் 420 கி.மீ. ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. அப்படிப் பார்த்தால் அரைமணியில் மதுரை விமான நிலையம் இருக்கும் அவனியாபுரத்துக்கு மேலே வந்துவிட வேண்டுமே? வராது. அட்டவணை நேரம் என்பது இங்கே நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதில் தொடங்கி அங்கே போய் நிற்பதில் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் அதற்குள் அடக்கம். 10,000 அடிக்குக் கீழே வேகக் கட்டுப்பாடும் உண்டு. முழு வேகத்தில் பறக்கக் கிடைப்பதோ கொஞ்ச நேரம்தான். சென்னையிலிருந்து டெல்லி இதைப்போல் நான்கு மடங்கு தூரம். விமான நேரமோ இரண்டு மடங்கைச் சற்றே தாண்டுகிறது. ஆட்டோவின் குறைந்தபட்சக் கட்டணம் மாதிரி, எவ்வளவு கிட்டத்து ஊராக இருந்தாலும் ஒரு பகுதி நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

அட்டவணைக்கு வெளியே இருப்பது இன்னும் பெரிது. நகரின் நடுவிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி போடும் கவுன்டரைப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக ஒன்றரை மணி நேரமாவது முன்னால் அங்கே இருக்க வேண்டும். மதுரையில் பெட்டி வந்துசேர அரைமணி, ஊருக்குள் போக இன்னொரு அரைமணி. கூட்டினால் ஐந்து மணி நேரத்தை நெருங்குகிறது. ரயிலுக்கு எழும்பூர் போய்ச் சேர்ந்து காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஏழு மணி நேரம். மதுரைச் சந்திப்பில் இறங்கினால் மீனாட்சியம்மன் கோயில் கூப்பிடு தூரம். வித்தியாசம் நான்கு மணி நேரத்துக்கு மேல் என்று நினைத்தது இரண்டு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. இரண்டு பயணங்களும் எப்படிப்பட்டவை என்றும் பார்க்க வேண்டும். ரயிலில் ஒரே இருக்கையில் உட்கார்ந்து படிக்கலாம், எழுதலாம்; விமானப் பயணமோ வரிசை வரிசையாகத் துண்டுபட்டது.

இரண்டு மணி நேரமும் நேரம்தானே என்று கேட்கலாம். நியாயம். வெறும் கைப்பையோடு, இணையத்திலேயே செக்-இன் முடித்துவிட்டு, விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பல்லாவரத்திலிருந்து கிளம்புகிறவருக்கு விமானத்தில் இன்னும் மிச்சமாகும். துக்க வீட்டுக்கு அவசரமாகப் போகிறவரிடமும், வெளிநாட்டிலிருந்து வந்திறங்கி விமானம் மாறுகிறவரிடமும் ரயிலைப் பற்றிப் பேசுவது அபத்தம். காலையில் போய் வேலை முடித்து அன்றிரவே வீடு திரும்ப வேண்டுமென்றாலும் விமானம்தான் தோது. மற்றவர்களுக்கு வந்தே பாரத்தைவிடப் பாண்டியன் எக்ஸ்பிரஸே வலுவான பதில். இரவில் ஏறிப் படுத்தால் விடியும்போது மதுரை. பகலில் ஒரு மணி நேரம்கூடச் செலவில்லை. ஆனால் படுக்கை கிடைக்க வேண்டுமே! முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, பொங்கல் தீபாவளி என்றால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது. கிடைக்காதபோது விமானக் கட்டணத்தைப் பார்ப்பதற்கு முன் பகலில் போகும் வைகை, தேஜஸ் ரயில்களையும் பார்த்துவிடுங்கள்.