புதிய சங்கிலி வாளைப் பொருத்திச் சீராக்கும் முறை

மாரிக்காற்றில் வயல்வரம்பின்மேல் வீழ்ந்த மரத்தை அகற்றுவதற்கும், வேலியோரத்து முதிர்ந்த பூவரசை அரிவதற்கும் கமக்காரர் முன்பு கோடரியையும் கைவாளையுமே நம்பியிருந்தனர். ஒருநாள் வேலையைச் சங்கிலி வாள் இன்று சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. எனினும், இவ்வாள்களுட் பல வாங்கிய சில கிழமைகளுக்குள்ளேயே பழுதடைகின்றன. அவை தேய்ந்து கெடுவதில்லை. எண்ணெய்க் குறைவினாலும் தவறான திருகலினாலும் சூடேறிக் கெடுகின்றன. ஆதலின் முதற் சில நாட்களிற் செய்யும் கவனிப்பே வாளின் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

எரிபொருட் கலவை

இவ்வாள்களின் இயந்திரம் பெரும்பாலும் இருவீச்சு வகையைச் சார்ந்தது. பெற்றோலுடன் கலந்து செல்லும் எண்ணெயே பிஸ்ரனை வழுவழுப்பாக வைத்திருக்கும். ஆகவே தனிப் பெற்றோலை ஒருபோதும் ஊற்றலாகாது. வாளுடன் தரப்பட்ட கைந்நூல் கூறும் விகிதமே சரியானது. 50க்கு 1 என்று கூறப்பட்டிருப்பின், 5 லீற்றர் பெற்றோலுக்கு 100 மில்லிலீற்றர் இருவீச்சு எண்ணெய் வேண்டும். வேறொரு கலத்தில் நன்கு குலுக்கிக் கலந்த பின்னரே தாங்கியில் ஊற்றவேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட கலவையைப் பயன்படுத்தாதிருத்தல் நன்று.

சங்கிலியின் இறுக்கம்

இயந்திரத்தை நிறுத்தி, கையுறை அணிந்து, சங்கிலி குளிர்ந்திருக்கும்போதே இதனைச் செய்யவேண்டும். பக்க மூடியின் சுரைகளைச் சிறிது தளர்த்தி, வாளலகின் நுனியை மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு, இறுக்கும் ஆணியைத் திருகவேண்டும். அலகின் அடிப்பக்கத்தில் சங்கிலி தொங்காது படிந்திருக்கவேண்டும். ஆயினும் கையால் இழுத்தால் தடையின்றி ஓடவும் வேண்டும். நுனியை உயர்த்தியபடியே சுரைகளை மீண்டும் இறுக்குக. புதிய சங்கிலி விரைவில் நீளுமாதலால், முதல்நாளில் இதனை அடிக்கடி சோதிக்கவேண்டும். சூடாக இருக்கையில் இறுக்கிய சங்கிலியை வேலை முடிந்ததும் தளர்த்திவிடவேண்டும். இன்றேல் அது குளிர்ந்து சுருங்கி இயந்திரத்தின் தண்டினைத் தாக்கும்.

சங்கிலிக்கு எண்ணெய்

சங்கிலிக்குரிய எண்ணெய்க்குத் தனித் தாங்கி உண்டு. எரிபொருள் நிரப்பும்போதெல்லாம் இதனையும் நிரப்புக. அலகின் நுனியை வெளிறிய பலகையொன்றின்மேல் தொடாது பிடித்து வாளை ஓட்டினால், பலகையில் மெல்லிய எண்ணெய்க் கோடு தோன்றவேண்டும். தோன்றாவிடின் எண்ணெய்த் துளையும் அலகின் தவாளிப்பும் அடைபட்டுள்ளன என்று கொண்டு துப்புரவு செய்க. இயந்திரங்களிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஊற்றுதல் கூடாது.

காபரேற்றரைச் சீராக்கல்

சில வாள்களிற் திருகாணிகள் இல்லை. வேறு சிலவற்றில் அவை குறித்த எல்லைக்குள் மட்டுமே திரும்பும். அவ்வெல்லையை உடைத்து மாற்றலாகாது. திருகாணிகள் உள்ளவிடத்தும், காற்று வடியைத் துப்புரவாக்கி, கூரிய சங்கிலியுடன் இயந்திரத்தைச் சூடேறவிட்ட பின்னரே அவற்றைத் தொடவேண்டும்.

வலஞ்சுழியாகத் திருகினால் எரிபொருள் குறையும். இடஞ்சுழியாகத் திருகினாற் கூடும். முதலில், ‘எல்’ எனக் குறிக்கப்பட்ட ஆணியை மெல்லத் திருப்பி, மெதுவோட்டம் மிக விரைவாகும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து ஏறத்தாழக் கால்சுற்று இடஞ்சுழியாகத் திருப்புக. பின்பு மெதுவோட்ட ஆணியைச் சரிப்படுத்துக. இயந்திரம் அணையாது ஓடவேண்டும், சங்கிலியோ அசையலாகாது. முடுக்கியை விட்ட பின்னும் சங்கிலி ஓடுமாயின் அவ்வாளைக் கொண்டு வேலை செய்தல் பேராபத்தாகும்.

‘எச்’ ஆணியே மிகுந்த கவனத்துக்குரியது. இதனை இறுக்க இறுக்க இயந்திரம் உரத்துக் கீச்சிட்டு விரைந்து ஓடும். அதனை வலிமையென்று எண்ணுவோர் ஏமாறுவர். எரிபொருள் குறைய அதனுடன் வரும் எண்ணெயும் குறையும், வெப்பம் மிகும், பிஸ்ரன் உராய்ந்து இறுகிவிடும். முழு வேகத்தில் மரத்தைத் தொடாது ஓடும்போது சற்றுக் கரகரத்த ஒலியும், அரியத் தொடங்கியதும் அவ்வொலி தெளிதலுமே நற்குறிகள். இச்சோதனை சில விநாடிகளுக்கு மேல் நீடித்தலாகாது. கைந்நூலிற் கூறிய உச்ச வேகத்தைச் சுழற்சிமானியால் அளந்து அமைப்பதே உறுதியானது. அக்கருவி இல்லாதோர் இவ்வாணியைத் தேர்ந்த திருத்துநரிடம் விட்டுவிடுதல் நன்று.

பழக்கும் காலம்

முதல் மூன்று தாங்கி எரிபொருள் முடியும்வரை, மரத்தை அரியாது வெறுமனே முழு வேகத்தில் ஓட்டலாகாது. பின்னர் பிளக்கைக் கழற்றிப் பார்க்க. இளங் கபிலநிறம் நன்று. வெண்மை எரிபொருட் குறைவையும், ஈரமான கருமை அதன் மிகுதியையும் காட்டும். அரியும்போது சீவல்களுக்குப் பதிலாகத் தூள் விழுமாயின் சங்கிலி மழுங்கியதென்று அறிந்து, பற்களைச் சமமாக அராவவேண்டும். மண் படிந்த அடிமரத்தில் ஒருமுறை பட்டாலும் புதிய சங்கிலி மழுங்கிவிடும்.

அலகின் நுனியின் மேற்பகுதி மரத்திற் பட்டால் வாள் அரிபவரை நோக்கித் துள்ளும். ஆகவே இருகைகளாலும் இறுகப் பிடித்து, கண், காது, கால்களுக்குரிய காப்புகளை அணிந்தே வேலை செய்க. வாளின் உரத்த ஒலியைக் கேட்டு மகிழாது, அதன் சீரான ஒலியை அறிந்து பேணும் கமக்காரருக்கு அது பல போகங்களுக்கு உதவும்.